மேலடுக்கின் உரிமை: ஒரே சுவரில் இருகால ஓவியங்கள் குறித்து

1. கேள்வி

1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிச் செல்லும் இருண்ட உட்சுற்றில் சோழர் கால ஓவியங்களைக் கண்டறிந்தார். அவை அங்கே வெளிப்படையாக இருக்கவில்லை. சுவரை மூடியிருந்தவை நாயக்கர் கால ஓவியங்கள். அவற்றின் காரை பெயர்ந்து விழுந்த இடங்களில்தான் அடியிலிருந்த பழைய வண்ணமும் கோடும் தென்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜன் காலத்தில் எழுதப்பட்ட ஓவியத்தின் மீது, அறுநூறு ஆண்டுகள் கழித்து வேறொரு தலைமுறை தன் ஓவியத்தை எழுதியிருந்தது.

அந்தக் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி இன்றும் நம் எழுத்துகளில் ஒலிக்கிறது. அதன் கூடவே பிறந்த ஒரு கேள்விக்கு அந்த அளவு கவனம் கிடைத்ததில்லை. ஒரே சுவரில் இரண்டு காலத்து ஓவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது எதைக் காக்க வேண்டும்? கீழுள்ளதைக் காண மேலுள்ளதை அகற்றலாமா? அகற்றலாம் என்றால், அதை எந்த அளவுகோலைக் கொண்டு யார் முடிவு செய்வது?

இது தஞ்சைக்கு மட்டும் உரிய சிக்கலன்று. வழிபாடு தொடர்ந்து நடக்கும் இடங்களில் சுவர்கள் திரும்பத் திரும்பப் பூசப்படுகின்றன. அஜந்தாவின் 9, 10-ஆம் குகைகளில் பொது ஆண்டுக்கு முற்பட்ட ஓவியங்களும் 5-ஆம் நூற்றாண்டின் ஓவியங்களும் சேர்ந்தே உள்ளன. சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் டாங் வம்ச ஓவியங்களைப் பிற்காலப் பூச்சு மூடியிருந்தது. பாங்காக்கின் அரச கோயிலில் முழுச் சுற்றுச்சுவரும் பலமுறை புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை தஞ்சை, துன்ஹுவாங், பாங்காக் ஆகிய மூன்று இடங்களில் எடுக்கப்பட்ட மூன்று விதமான முடிவுகளை ஒப்பிட்டு ஆராய்கிறது. சுவரோவியத்தின் மேலடுக்கும் கீழடுக்கைப் போலவே வரலாற்றுச் சான்றுதான். பழமை ஒன்றையே காரணமாக்கி அதை அகற்ற யாருக்கும் உரிமை இல்லை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. பழையதே உயர்ந்தது என்னும் மதிப்பீடு

தென்னிந்திய ஓவிய வரலாறு 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டது. சித்தன்னவாசல் ஓவியங்கள் அறிஞர் கவனத்துக்கு வந்தன. 1931-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய், காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் பல்லவர் ஓவியங்களின் எச்சங்களைக் கண்டார். அதே ஆண்டில்தான் தஞ்சையும் வெளிச்சத்துக்கு வந்தது. அஜந்தாவோடு முடிந்துபோனதாக எண்ணப்பட்ட ஒரு பெருமரபு, பல்லவர், பாண்டியர், சோழர் வழியாகத் தெற்கில் தொடர்ந்தது என்று நிறுவ இந்தச் சான்றுகள் உதவின. அடிமைப்பட்ட நாடு தன் கலைப் பழமையைத் தேடிய காலம் அது. அந்தத் தேடலின் நியாயத்தை இன்று குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் அந்தத் தேடல் தனக்கென ஒரு படிநிலையையும் வகுத்துக்கொண்டது. அஜந்தா உச்சம், பல்லவரும் சோழரும் அதன் தொடர்ச்சி, விஜயநகரம் தளர்ச்சி, நாயக்கரும் மராத்தியரும் வீழ்ச்சி. பக்கவாட்டு முகங்கள், தட்டையான வண்ணப் பரப்பு, கட்டம் கட்டமாக நகரும் கதை, படத்தின் அடியில் எழுத்து ஆகியவை பிற்கால ஓவியத்தின் குறைகளாகப் பட்டியலிடப்பட்டன. உடலின் திரட்சியையும் கோட்டின் நெளிவையும் கொண்டு ஓவியத்தை அளந்தவர்களுக்கு, கதையை வரிசையாகச் சொல்ல எழுந்த ஓவியம் தரம் தாழ்ந்ததாகத் தெரிந்தது. இரண்டு ஓவியங்களும் வேறு வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை என்பதை அந்த அளவுகோல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நூலில் இருக்கும் வரை இத்தகைய மதிப்பீட்டுக்கு மறுப்பு எழுதலாம். சுவரில் அதைச் செயல்படுத்திவிட்டால் மறுக்க வழியில்லை. ஒரு காலத்தின் ஓவியம் வீழ்ச்சியின் அடையாளம் என்று முடிவு கட்டிவிட்டால், அதைக் கழுவுவதும் சுரண்டுவதும் குற்றமாகத் தோன்றாது. கலை வரலாற்றின் தரவரிசைக்கும் சுவரோவியங்களின் அழிவுக்கும் இடையில் இந்த நேரடித் தொடர்பு இருக்கிறது.

அண்மைக் காலத்தில் பார்வை மாறியிருக்கிறது. டேவிட் ஷுல்மனும் வி.கே. ராஜாமணியும் திருவாரூர் முசுகுந்தன் ஓவியங்களைப் பற்றி 2011-இல் வெளியிட்ட நூல், பிற்கால ஓவியத்தை அதன் சொந்த இலக்கணத்தில் வாசிக்க முடியும் என்று காட்டியது. சடங்கு, தல புராணம், அரசியல் உரிமை ஆகியவற்றோடு ஓவியத்தைச் சேர்த்துப் படிக்கும் முறை இப்போது வேரூன்றி வருகிறது. அந்த மாற்றம் நூலகத்திலிருந்து கோயில் திருப்பணிக்குள் இன்னும் போதிய அளவு சென்று சேரவில்லை.

3. சுவரின் பொருள் தீர்மானிப்பவை

எதை அகற்றலாம், எதை அகற்ற முடியாது என்பதை ரசனைக்கு முன்பாகவே சுவரின் பொருளமைப்பு வரையறுத்துவிடுகிறது. ஆகவே மூன்று இடங்களின் முடிவுகளை எடைபோடும் முன் அவற்றின் சுவர்களைப் புரிந்துகொள்வது தேவை.

தஞ்சையில் கருங்கல் சுவரின் மேல் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டு அதில் ஓவியம் எழுதப்பட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தொல்லியல் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இதை ஆராய்ந்து, சோழர் ஓவியம் ஈரக்காரை முறையில் எழுதப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். இம்முறையில் காரை ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த வண்ணம் தீட்டப்படுகிறது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. காரை உலர்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பதால் கை தயங்க இடமில்லை. இப்படி இறுகிய பரப்பு நீருக்கும் உராய்வுக்கும் ஓரளவு தாங்கும். நூற்றாண்டுகள் கழித்து மேலே பூசப்பட்ட காரை, இந்த வழுவழுப்பான அடித்தளத்தோடு முழுமையாக ஒன்றிப்போவதில்லை. இரண்டையும் பிரிப்பது சாத்தியமானதற்கு இதுவே காரணம்.

துன்ஹுவாங்கின் மொகாவோ குகைகள் சரளைக்கற்கள் செறிந்த மென்பாறையில் குடையப்பட்டவை. பாறையின் கரடுமுரட்டை மறைக்க வைக்கோல், சணல் நார் கலந்த களிமண் பூசப்பட்டது; அது உலர்ந்தபின் பசையில் குழைத்த வண்ணங்கள் தீட்டப்பட்டன. நீர் பட்டால் களிமண் கரையும், பசை இளகும். அங்கே அடுக்குகளைப் பிரிப்பது தஞ்சையைவிட ஆபத்தானது. மேலே பூசும்போது பிடிப்புக்காகக் கீழ்ப்பரப்பைக் கொத்திவிடும் வழக்கமும் பல நாடுகளில் இருந்திருக்கிறது. அப்படிக் கொத்தப்பட்ட இடங்களில் மேலடுக்கை எடுத்தாலும் கிடைப்பது காயம்பட்ட ஓவியமாகவே இருக்கும்.

தாய்லாந்தின் மரபு ஓவியமும் உலர்ந்த சுவரில் எழுதப்படுவதுதான். சுவரின் காரத்தைப் போக்க ஒருவகைக் கொன்றையின் இலையை இடித்துக் கலந்த நீரால் பலமுறை கழுவி, மஞ்சளைத் தேய்த்துப் பார்ப்பார்கள். சிவந்தால் காரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். பின்னர் புளியங்கொட்டைப் பசையில் வெண்களிமண் தூளைக் குழைத்து அடித்தளம் பூசி, பிசினில் வண்ணம் குழைத்துத் தீட்டுவார்கள். விளாம்பிசின் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. இத்தனை கவனத்தோடு எழுதப்பட்டாலும், ஆற்றங்கரை நகரான பாங்காக்கின் தரையிலிருந்து ஏறும் ஈரமும் உப்பும் சுவரின் கீழ்ப்பகுதியை அரித்துவிடுகின்றன. மறுபடியும் எழுதுவது அங்கே விருப்பத்தினால் மட்டும் நேர்ந்ததன்று, தட்பவெப்பத்தின் கட்டாயமும் அதில் உண்டு.

4. தஞ்சை: பிரித்தெடுத்தல்

சோழர் அடுக்கின் வரலாற்று மதிப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. மேற்குச் சுவரில் சுந்தரர் கதை விரிகிறது. திருவெண்ணெய்நல்லூரில் முதியவராக வந்த இறைவன் ஓலை காட்டி வழக்காடுவதும், சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்குச் செல்வதும் அங்கே உள்ளன. சேக்கிழார் பெரியபுராணத்தை இயற்றியது 12-ஆம் நூற்றாண்டில். காப்பியத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அந்தக் கதை அரசன் எடுப்பித்த கோயிலின் கருவறைச் சுற்றில் காட்சியாகியிருந்தது. சைவ இலக்கிய வரலாற்றுக்கு இதைவிட அரிய ஓவியச் சான்று ஏதுமில்லை. வடபுறச் சுவரின் திரிபுராந்தகர் ஓவியம், போரின் சினத்தையும் எழுச்சியையும் ஒரே உருவில் திரட்டிய படைப்பு. தில்லை நடராசரை அரசனும் அரசியரும் வழிபடும் காட்சி, சோழர் குடும்பத்துக்கும் தில்லைக்கும் இருந்த பிணைப்பைக் காட்டுகிறது. இரண்டு ஆடவர் உருவங்கள் ராஜராஜனும் கருவூர்த் தேவரும் என்ற அடையாளம் மக்களிடையே பரவியிருக்கிறது. ஓவியத்தில் பெயர் பொறிக்கப்படாததால் அதை ஒரு கருத்தாகக் கொள்வதே முறை.

இந்த அடுக்கை வெளிக்கொணர இந்தியத் தொல்லியல் துறை மேற்கொண்ட வழி, மேலிருந்த நாயக்கர் ஓவியங்களைக் காரையோடு பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்துவது. இதை ‘டி-ஸ்டக்கோ’ முறை என்று அத்துறையினர் அழைத்தனர். இவ்வாறு 16 நாயக்கர் கால ஓவியங்கள் பிரிக்கப்பட்டுக் கோயில் வளாகத்திலேயே தனி இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. சுரண்டி எறிவதோடு ஒப்பிட்டால் இது மிகப்பெரிய முன்னேற்றம். இரண்டு அடுக்குகளும் பிழைத்தன.

ஆயினும் இம்முடிவை இரண்டு பக்கமும் நின்று எடைபோட வேண்டும். ஆதரவாகச் சொல்லத்தக்கவை வலுவானவை. மேலடுக்கு ஏற்கெனவே பல இடங்களில் பெயர்ந்து கொண்டிருந்தது; அப்படியே விட்டிருந்தால் அது தானாக உதிர்ந்து, கீழடுக்கையும் ஓரளவு இழுத்துக்கொண்டு போயிருக்கக்கூடும். 11-ஆம் நூற்றாண்டின் ஓவியம் இவ்வளவு பரப்பில் எஞ்சியிருக்கும் இடம் தமிழகத்தில் வேறில்லை. எடுக்கப்பட்டது அழிக்கப்படவும் இல்லை.

எதிராகச் சொல்லத்தக்கவையும் உண்டு. சுவரோவியம் இடத்தோடு பிறந்தது. குறுகிய சுற்றில் விளக்கொளியில் வலம்வரும் ஒருவரின் கண்ணுக்கு ஒரு காட்சிக்குப் பின் அடுத்த காட்சி வரும் வரிசை, இலிங்கத்துக்கு எந்தத் திசையில் எந்தத் தெய்வம் என்ற அமைப்பு, இவையெல்லாம் அதன் பொருளின் பகுதிகள். பலகையில் தனித்தனியாக நிற்கும் ஓவியம் தன் முகவரியை இழக்கிறது. நாயக்கர் கால ஓவியர் ராஜராஜன் கட்டிய கருவறைச் சுற்றை எப்படிப் புரிந்துகொண்டார், கீழிருந்த காட்சிகளை அறிந்து அவற்றுக்கு மறுமொழியாக எழுதினாரா, அல்லது முழுவதும் புதிய திட்டத்தில் எழுதினாரா என்ற கேள்விகளுக்கு அடுக்குகள் தம் இடத்தில் இருக்கும்போதுதான் விடை தேட முடியும். சோழர் அடுக்கைப் பற்றி எழுதப்பட்டதோடு ஒப்பிட்டால், நாயக்கர் அடுக்கைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். உட்சுற்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவதில்லை. மூச்சுக்காற்றின் ஈரமும் கூட்டத்தின் வெப்பமும் ஓவியத்துக்குக் கேடு என்பதால் அந்தக் கட்டுப்பாடு சரியானதே. ஆனால் அதன் விளைவாகச் சோழர் ஓவியங்களைப் பெரும்பாலோர் ஒளிப்படங்களிலும் நூல்களிலும்தான் காண்கிறார்கள். மேலடுக்கை எடுத்ததன் பயன் நேரடிக் காட்சி என்று வாதிடுவது இங்கே பொருந்தாது. அதன் பயன் ஆய்வும் ஆவணமாக்கலும்தான். அந்த ஆவணங்கள் தமிழில், மலிவாக, எல்லோருக்கும் கிடைக்கும்போதுதான் பிரித்தெடுத்த செயல் முழுமையாக நியாயப்படும்.

5. துன்ஹுவாங்: உரித்தலும் நகர்த்தலும்

மொகாவோவில் 492 குகைகளில் ஓவியமோ சிற்பமோ உள்ளன. ஓவியப் பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர மீட்டர். 4-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை கொடையாளர்கள் புதிய குகைகளைக் குடைந்தார்கள், பழையவற்றைப் புதுப்பித்தார்கள். ஒரு குடும்பம் எடுப்பித்த குகையை அதே குடும்பத்தின் பிற்கால வாரிசுகள் புதுப்பிப்பதும் புண்ணியமாகக் கருதப்பட்டது. அந்தக் குகைகளின் அடுக்குகள் குடும்பங்களின் வழிபாட்டு வரலாறும் ஆகும்.

20-ஆம் நூற்றாண்டு அங்கே வேறு கண்ணோடு நுழைந்தது. 1924-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த லாங்டன் வார்னர், பசை தடவிய துணியை ஒட்டிச் சில டாங் ஓவியத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்துச் சென்றார். சுவரில் வெற்றிடங்கள் இன்றும் உள்ளன. 1940களின் தொடக்கத்தில் அங்கே தங்கிப் படியெடுத்த ஓவியர் ஜாங் தாச்சியான், பிரதியெடுத்து அந்தக் கலையைச் சீனா முழுவதும் அறியச் செய்தவர். அடியிலுள்ள டாங் ஓவியத்தைப் பார்க்க மேலடுக்குகளை உரித்தார் என்ற கடுமையான குற்றச்சாட்டும் அவர் மீது உண்டு. அந்தக் கலையின் மீது அவர் கொண்ட ஈடுபாட்டை யாரும் மறுப்பதில்லை. அவர் மீதான குற்றச்சாட்டு இன்றும் ஓயாததற்குக் காரணம், ஒருவரின் ஈடுபாட்டை மட்டும் நம்பி ஒரு சுவரை ஒப்படைக்க முடியாது என்பதுதான்.

220-ஆம் குகை இந்த விவாதத்தின் மையமாக நிற்கிறது. ஜாய் குடும்பத்தின் இக்குகையில் 642-ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துடன் கூடிய டாங் ஓவியங்கள் உள்ளன. அமிதாபரின் தூய உலகம், மருத்துவ புத்தரின் முன் சுழன்றாடும் நடனக்காரர்கள், இசைக்குழு ஆகியவை டாங் கலையின் தொடக்ககால உச்சங்கள். ஆண்டு தெரிந்த ஓவியம் என்பதால் மற்றக் குகைகளின் காலத்தைக் கணிக்கவும் இது அளவுகோலாகிறது. இவற்றை மூடியிருந்த பிற்கால ஓவியம் 1940களில் அகற்றப்பட்டது. டாங் ஓவியம் பொலிவோடு கிடைத்தது, மேலிருந்தது போய்விட்டது.

அதே குகையின் நுழைவழியில் 1975-இல் வேறொரு வழி கையாளப்பட்டது. அங்கே மேலடுக்கை அழிக்காமல் ஒட்டுமொத்தமாக நகர்த்தி, அடியிலிருந்த பழைய சுவரை வெளிப்படுத்தினார்கள். 925-ஆம் ஆண்டைக் குறிக்கும் மஞ்சுஸ்ரீ ஓவியம் அப்போது கிடைத்தது. முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே குகையில் நிகழ்ந்த இவ்விரு செயல்களும் ஒரு கருத்து மாற்றத்தைப் பதிவு செய்கின்றன. முதலில் மேலடுக்கு தடையாக இருந்தது. பின்னர் அதுவே காக்க வேண்டிய பொருளாயிற்று. குகையின் இரண்டாம் அடுக்கு இல்லாவிட்டால், 7-ஆம் நூற்றாண்டில் குகையை எடுப்பித்த குடும்பம் 10-ஆம் நூற்றாண்டிலும் அதே இடத்தைப் பேணி வந்தது என்ற சமூக வரலாறு நமக்குக் கிடைத்திருக்காது.

6. பாங்காக்: மீண்டும் எழுதுதல்

மூன்றாவது வழி, பழையதை வெளிக்கொணராமலும் அப்படியே நிறுத்தாமலும் புதிதாக எழுதுவது. பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலின் சுற்றுக்கூடத்தில், ராமாயணத்தின் தாய்லாந்து வடிவமான ராமகியென் கதை 178 பகுதிகளாகத் தீட்டப்பட்டிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ராமா காலத்தில் எழுதப்பட்ட அவை, மூன்றாம் ராமா காலத்திலும், நகரின் நூற்றாண்டையொட்டி 1882-இலும், 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1932-இலும், இருநூறாம் ஆண்டையொட்டி 1982-இலும் புதுப்பிக்கப்பட்டன. ஐந்தாம் ராமா காலத்தில் ஓவியங்களுக்கு எதிரே சலவைக்கல்லில் செய்யுள்களும் பொறிக்கப்பட்டன.

இங்கே தொடர்ச்சி என்பது சுவரின் காரையில் இல்லை. கதையிலும் அதை எழுதும் கையிலும் இருக்கிறது. நம் மரபில் ஏடு பழுதானால் படியெடுத்துவிட்டுப் பழைய ஏட்டை ஆற்றில் விட்டதைப் போன்ற மனநிலை இது. அதனால்தான் இன்றைய தாய்லாந்துச் சிறுவர்களாலும் அந்தச் சுற்றில் நடந்து அனுமனின் கதையைச் சிரமமின்றி வாசிக்க முடிகிறது. மங்கிய எச்சங்களைக் காட்டும் சுவரால் இது கைகூடாது.

அந்த மனநிலைக்கு ஒரு விலையும் உண்டு. முதலாம் ராமா காலத்து ஓவியர்களின் கோடுகளை இனி யாரும் பார்க்க முடியாது. 1932-க்கான பணியில் மேலைநாட்டுத் தொலைவுக் காட்சி முறையும் ஒளிநிழலும் கலந்தன. கதை அதே கதை, ஓவியம் வேறொரு காலத்தின் ஓவியம். மறுபடியும் எழுதுவது மாறாத மரபைக் காப்பாற்றுகிறது என்ற நம்பிக்கையை இந்தச் சுவரே திருத்துகிறது. அதே நகரின் வாட் சுதத் கோயிலில் 1980களில் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் நடந்த பணி, பழைய ஓவியத்தை நிலைநிறுத்திக் காக்கும் வழியைத் தேர்ந்தது. ஒரே நாட்டில், ஒரே பௌத்த மரபுக்குள் இரண்டு அணுகுமுறைகளும் நிலவுவது, ஆசிய மரபு என்றாலே புதுப்பித்தல்தான் என்ற பொதுமைப்படுத்தலை ஏற்க விடுவதில்லை.

தமிழகத்தில் இந்தப் புதுப்பித்தல் வாதம் அடிக்கடி எழுகிறது. குடமுழுக்குத் தோறும் கோயில் புதுமை பெற வேண்டும், பழைய ஓவியத்தின் மேல் வண்ணம் அடிப்பதும் அந்த மரபே என்கிறார்கள். இந்த வாதம் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுகிறது. பாங்காக்கில் மறுபடி எழுதியவர்கள் மரபின் இலக்கணத்தைக் கற்ற ஓவிய ஆசிரியர்களும் அவர்களின் மாணவர்களும். பழைய சுவரில் எது எங்கே இருந்தது என்பதை அறிந்து அவர்கள் எழுதினார்கள். ஓவியம் இருந்த இடத்தில் வெள்ளையடித்தோ எனாமல் பூசியோ ஒப்பந்த வேலையாக முடிப்பதை அதோடு சேர்த்துப் பேச முடியாது. கற்றவரின் கை விடுபட்ட இடத்தில் நடப்பது புதுப்பித்தலன்று, துடைத்தழித்தல்.

7. மேலடுக்கு தரும் சான்று

மேலடுக்கு எதைச் சொல்ல வல்லது என்பதற்குத் திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபம் நல்ல எடுத்துக்காட்டு. விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தி தியாகராசரை இந்திரனிடமிருந்து பூமிக்குக் கொண்டுவந்த கதையும், கோயில் திருவிழாக்களும் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. மராத்தியர் ஆட்சிக் காலத்து இந்த ஓவியங்களின் அடியில் தமிழ் விளக்கங்கள் உண்டு. எழுதிய ஓவியர் சிங்காதனம் தன் உருவத்தையும் பெயரையும் அங்கே பதித்திருக்கிறார். தஞ்சையின் சோழர் ஓவியம் எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. வாண வேடிக்கை, இசைக்கருவிகள், ஊர்வலத்தில் நடப்போரின் உடை என அன்றைய வாழ்வின் செய்திகள் அந்த விதானத்தில் நிறைந்துள்ளன. 2008-க்குப் பிறகு பிரகிருதி அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பும் முன்னெடுத்த பாதுகாப்புப் பணி இல்லாதிருந்தால் இவற்றில் பெரும்பகுதி கையைவிட்டுப் போயிருக்கும். ‘வீழ்ச்சிக் காலம்’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு காலம் தன் ஓவியரின் பெயரையும் தன் எழுத்தையும் விட்டுச்சென்றிருக்கிறது.

சித்தன்னவாசல் வேறு வகையில் இதையே உணர்த்துகிறது. அதன் ஓவியங்கள் முதலில் மகேந்திரவர்மன் காலத்தவை என்று கருதப்பட்டன. பாண்டியன் அவனிபசேகர ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபத்தை எடுப்பித்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு, இன்று நாம் பெரிதாகப் போற்றும் தாமரைக் குளத்தை 9-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தவர் புதுப்பித்ததையே நாம் தலைசிறந்த படைப்பாகக் கொண்டாடி வருகிறோம். யாரோ ஒருவர் ‘மூல’ நிலையைத் தேடி அந்தப் புதுப்பிப்பை அகற்றியிருந்தால் சித்தன்னவாசலே நமக்கு இல்லை.

பாதுகாப்பின் பெயரில் பூசப்படுவதும் ஓர் அடுக்கு என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1920 முதல் 1922 வரை ஐதராபாத் நிஜாம் அரசின் அழைப்பில் வந்த இத்தாலிய வல்லுநர்கள் செக்கோனியும் ஒர்சினியும் அஜந்தாவில் பெயர்ந்த காரையை ஒட்டி நிறுத்தினார்கள். கூடவே அரக்கு மெருகும் பூசப்பட்டது. நாளடைவில் அது மஞ்சளித்து ஓவியத்தை இருட்டடித்தது. அதை நீக்கும் வேலை பல தலைமுறை வேதியியலாளர்களின் கடமையாயிற்று. நல்ல நோக்கத்தோடு செய்த தலையீடும் சுவரின் வரலாற்றில் தன் அடையாளத்தை விட்டே செல்கிறது. இன்று நாம் எடுக்கும் முடிவும் அப்படித்தான் நிற்கும்.

8. அளவுகோல்கள்

இந்தச் சிக்கலுக்கு உலக அளவில் எழுதப்பட்ட விதி 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தில் உண்டு. எல்லாக் காலத்தின் பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அகற்றப்படுவது அதிக முக்கியத்துவம் இல்லாததாகவும், வெளிப்படுவது பெருமதிப்புடையதாகவும், நல்ல நிலையிலும் இருந்தால் மட்டுமே அடியிலுள்ளதை வெளிக்கொணரலாம் என்கிறது அது. அம்முடிவைப் பணியின் பொறுப்பாளர் தனியாக எடுக்கக்கூடாது என்றும் வலியுறுத்துகிறது. சுவரோவியங்களுக்கென 2003-இல், நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐகோமாஸ் ஏற்ற கோட்பாடுகள், ஓவியத்தைச் சுவரிலிருந்து பிரிப்பதை ஆபத்தானதும் திரும்பப் பெற முடியாததுமான செயலாகக் கருதி, வேறு வழியே இல்லாத நிலைக்கு அதை ஒதுக்குகின்றன.

இந்த விதிகளில் ‘அதிக முக்கியத்துவம் இல்லாதது’ என்ற சொற்றொடரே பலவீனமான இடம். முக்கியத்துவத்தை யார் அளப்பது? நாயக்கர் ஓவியத்தை வீழ்ச்சியாகக் கண்ட தலைமுறை அளந்திருந்தால் ஒரு விடை வந்திருக்கும். இன்று அளந்தால் வேறு விடை வரும். அளப்பவரின் கல்வியும் காலமும் மாறும்போது மாறிவிடும் ஒன்றை, திரும்பப் பெற முடியாத செயலுக்கு ஒரே ஆதாரமாகக் கொள்ளக்கூடாது. ஆகவே மேற்கண்ட மூன்று அனுபவங்களிலிருந்து சில நிபந்தனைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, மேலடுக்கைத் தொடும் முன் அது முழுமையாக ஆவணப்படுத்தப்பட வேண்டும். அளவிட்ட வரைபடம், ஒளிப்படம், படத்தின் அடியிலுள்ள எழுத்துகளின் வாசிப்பு, கதை அடையாளம் ஆகிய அனைத்தும் வெளியிடப்பட்ட பிறகே அடுத்த அடி. இரண்டாவது, அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பெயர்க்காமலே அறியும் கருவிகள் இன்று உள்ளன. அகச்சிவப்புப் படம் போன்றவற்றால் கீழடுக்கின் நிலையை முன்கூட்டியே கணிக்க வேண்டும். ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் சுரண்டிப் பார்ப்பது கூடாது. மூன்றாவது, முழுப் பரப்பையும் அகற்றாமல், ஏற்கெனவே பெயர்ந்த இடங்களை மட்டும் உறுதிப்படுத்தி இரு அடுக்குகளையும் அருகருகே காட்டும் வழியை முதலில் பரிசீலிக்க வேண்டும். நான்காவது, பிரித்தே ஆக வேண்டும் என்றால் பிரித்த ஓவியங்கள் தம் பழைய வரிசையிலும் திசையிலும் காட்டப்பட வேண்டும். துன்ஹுவாங்கின் 1975 பணியில் மேலடுக்கு குகையைவிட்டு வெளியேறவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. ஐந்தாவது, முடிவெடுக்கும் குழுவில் வேதியியலாளர், கலை வரலாற்றாளர், கல்வெட்டறிஞர் ஆகியோருடன் அந்தக் கோயிலில் வழிபடுவோரும் மரபு ஓவியர்களும் இடம்பெற வேண்டும்.

இந்த அளவுகோல்களால் பார்க்கும்போது தஞ்சையின் பணி பெரும்பாலும் தேறுகிறது. கீழடுக்கின் ஒப்பற்ற மதிப்பும் மேலடுக்கின் பெயர்ந்த நிலையும் அதற்கு வலுச் சேர்க்கின்றன. பிரித்தவற்றைப் பாதுகாத்ததும் வளாகத்திலேயே வைத்ததும் பாராட்டத்தக்கவை. ஆனால் அது விதிவிலக்கு. கீழே சோழர் ஓவியம் இருக்கக்கூடும் என்ற ஊகத்தில் மற்றக் கோயில்களின் நாயக்கர் ஓவியங்களைத் தொடத் தஞ்சையை முன்னுதாரணமாகக் காட்டுவது தவறு.

9. முடிவு

அடுக்குகள் கொண்ட சுவரை ஒரு படைப்பும் அதை மறைக்கும் திரையுமாகப் பார்க்கும் வழக்கத்திலிருந்து நாம் விடுபட வேண்டும். ராஜராஜனின் ஓவியர்களும் நாயக்கர் கால ஓவியர்களும் ஒரே இறைவனுக்காக ஒரே சுற்றில் எழுதினார்கள். பின்னவர் முன்னவரை மூடினார் என்பது உண்மை. அந்தக் கோயில் அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது என்பதற்கு அந்தச் செயலே சான்று. கீழடுக்கு கோயிலின் தோற்றத்தைச் சொல்கிறது. மேலடுக்கு அதன் வாழ்வைச் சொல்கிறது. ஒன்றை மட்டும் வாசிக்கும் வரலாறு குறைபட்டது.

தமிழகத்தில் இப்போது உடனடி ஆபத்தில் இருப்பது மேலடுக்குகள்தான். சிதம்பரம் சிவகாமசுந்தரி அம்மன் சன்னதி, அழகர்கோயில் வசந்த மண்டபம், திருப்புடைமருதூர் கோபுரத்தின் உள்தளங்கள் போன்ற பெயர்பெற்ற இடங்களுக்கு அறிஞர்களின் கவனம் கிடைக்கிறது. சிற்றூர்க் கோயில்களின் விதானங்களிலும் திருச்சுற்றுகளிலும் மிஞ்சியிருக்கும் நாயக்கர், மராத்தியர், சேதுபதியர் கால ஓவியங்களுக்கு அந்தக் காவல் இல்லை. விளக்குப் புகை, கூரைக் கசிவு, மின்கம்பிக்காக அடிக்கப்படும் ஆணி, வெள்ளைப் பூச்சு ஆகியவை அவற்றைத் தின்கின்றன. எந்தக் கோயிலிலும் திருப்பணி தொடங்கும் முன் சுவரும் விதானமும் ஓவியத்துக்காகச் சோதிக்கப்பட்டு, அறிக்கை பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவது முதல் தேவை. அந்த அறிக்கையை ஊரார் படித்துக் கேள்வி கேட்கும் நிலை வந்தால், எந்த அடுக்கு நிலைக்க வேண்டும் என்பதைத் தற்செயலோ தனியொருவரின் ரசனையோ தீர்மானிக்காது. காரணம் காட்டி, விவாதித்து, பொறுப்பேற்று நாம் தீர்மானிப்போம்.